தாங்கல் காலனியின் வருமான வரிக்காரன்

செங்கல்வராயன் வருமான வரி கட்டுவது என்று முடிவு செய்தது 1971ஆம் வருடம் மே மாதத்தில், ஒரு குடிநீர்க் குழாய் விஷயமாக.

அவனுக்கு அப்போது முப்பத்தோரு வயது. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். பருத்திப்பட்டு ஏரிக்கு மேற்கே கீழ்த்தாங்கல் என்ற ஊரும், ஊரைத் தாண்டி இருநூறு கெஜம் தள்ளிப் புறம்போக்கு நிலத்தில் தாங்கல் காலனியும் இருந்தன. காலனியில் நாற்பத்து மூன்று வீடுகள். அவனுடைய அப்பா காலம் வரை அத்தனை பேரும் ஊர்க்காரர்களின் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். தொழிற்சாலை வந்த பிறகு ஆண்களில் பாதிப்பேர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் ஆவடிக்குப் போனார்கள். ஆள் கிடைக்காததால் மீதிப்பேருக்குக் கூலி நாலணா ஏறியது.

செங்கல்வராயனிடம் ஒரு குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். வெல்டிங் வேலைக்கு இது நல்ல குணம். வரைபடத்தில் ஆறு மில்லிமீட்டர் என்று இருந்தால் ஆறு மில்லிமீட்டர்தான் வைப்பான். வீட்டில் அவ்வளவு நல்ல குணம் இல்லை. ‘எங்கியாவது போய்த் தொலை’ என்று அவன் மனைவி வேம்புலியம்மாள் கத்தினால், எங்கே என்று கேட்பான்.

அந்த மே மாதம் காலனிக் கிணறு வற்றி, அடியில் கிடந்த தண்ணீரும் உப்புக் கரித்தது. ஊருக்குள் பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. முந்தின வருடம் போட்ட குழாய், ஊர்த்தெரு முழுக்க வந்து மாரியம்மன் கோயில் முனையில் நின்றுவிட்டது. அதில் காலனிப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இல்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுதிய சட்டங்களைவிட அது ஒழுங்காக நடந்தது. பெண்கள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வரை போனார்கள். போக அரை மணி, வர முக்கால் மணி. அங்கே ஒரு வாட்ச்மேன் திட்டுவார், பிறகு விடுவார். வேம்புலியம்மாள் நாளைக்கு மூன்று நடை போனாள்.

காலனி சார்பாகப் பேச, சட்டை போட்டு வேலைக்குப் போகிறவன் என்பதால் செங்கல்வராயனை அனுப்பினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பரந்தாமன் தன்னுடைய நெல் அரவை மில்லில் உட்கார்ந்திருந்தார். செங்கல்வராயனின் அப்பா அவரை ‘ஆண்டே’ என்பார். செங்கல்வராயன் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ‘பிரசிடெண்டு’ என்று கூப்பிட்டான். பதவியின் பெயர் என்பதால் அவரால் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

“பிரசிடெண்டு, கோயில் முனைல நின்னுகினு கீற பைப்ப இன்னும் எரநூறு கெஜம் இழுத்தா எங்களுக்கும் தண்ணி வரும்.”

“இழுக்கலாம்பா. துட்டு யாரு குடுக்கறது? பஞ்சாயத்துன்னா வரி கட்றவங்க துட்டு. உங்க காலனில யார்னா ஒருத்தன் ஒரு நயா பைசா வரி கட்டிக்கீறானா? வரி கட்றவன் வந்து கேட்டா நான் பதில் சொல்லித்தான் ஆகணும். நீ இன்னா வரி கட்ற, சொல்லு?”

“சைக்கிளுக்கு வரி வில்லை வாங்கிக்கீறேன்.”

“அது சைக்கிள் கட்டுது.”

செங்கல்வராயன் நேராகப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் வீட்டு வரி கட்ட வந்திருப்பதாகச் சொன்னான். குமாஸ்தா பெரிய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலனி வீடுகளுக்குக் கதவு எண் இல்லை, எண் இல்லாத வீட்டுக்கு வரி வாங்க வழியில்லை என்றார். புறம்போக்கில் இருக்கும் வீடு, அரசாங்கத்தைப் பொறுத்தவரை, வீடே இல்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவுக்குப் போனான். இராமகிருஷ்ணன் என்ற சீனியர் குமாஸ்தா தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், நான் வருமான வரி கட்டணும்.”

இராமகிருஷ்ணன் டிபன் பாக்ஸை மூடினார். பத்தொன்பது வருட சர்வீசில், வரி கட்டாமல் இருக்க வழி கேட்டு வந்தவர்கள் ஆயிரம் பேரை அவர் பார்த்திருந்தார்.

“யாராவது உன்னைக் கட்டச் சொன்னாங்களா?”

“பிரசிடெண்டு சொன்னாரு.”

பெயரைக் கேட்டுப் பேரேட்டில் விரலை ஓட்டினார். “உனக்கு வருஷத்துக்கு நாலாயிரத்து முந்நூறு வருது. அஞ்சாயிரத்துக்கு மேல போனாத்தான் வரி. கட்டற அளவுக்கு நீ இன்னும் சம்பாதிக்கலப்பா.”

“எவ்ளோ கொறையுது?”

“எழுநூறுன்னு வை. அதுலயும் பிராவிடண்ட் பண்டுக்குக் கழிவு இருக்கு. ஆயிரம் தாண்டணும்.”

“ஓவர்டைம் பாக்கறேன்.”

இராமகிருஷ்ணன் அவனைக் கூர்ந்து பார்த்தார். கிண்டல் செய்கிற முகமாகத் தெரியவில்லை. செங்கல்வராயன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: “இந்த வரிய எப்ப சார் ஆரம்பிச்சாங்க? இன்னாத்துக்கு?”

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தார் என்றே சொல்லலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“1857ல சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டாங்க. அதை அடக்கறதுக்கு வெள்ளைக்காரனுக்குக் கோடிக்கணக்குல கடன் ஆயிடுச்சு. கடனை அடைக்க லண்டன்லேர்ந்து ஒரு துரை கப்பல்ல கல்கத்தா வந்தாரு. 1860ல வருமான வரின்னு ஒண்ணைப் போட்டாரு. அஞ்சே வருஷம்தான், அப்பறம் எடுத்துடுவோம்னு சொன்னாங்க. துரை அதே வருஷம் பேதி கண்டு போய்ச் சேர்ந்துட்டாரு.”

“வரி?”

“வரிக்குப் பேதி வரல. அஞ்சு வருஷம் கழிச்சு, சொன்ன மாதிரியே எடுத்தாங்க. அப்பறம் கை கடிச்சுது, போட்டாங்க. திரும்ப எடுத்தாங்க. 1886ல போட்டாங்க பாரு, அதுக்கப்பறம் எடுக்கவே இல்ல.”

“சிப்பாய்ங்க சண்டை முடிஞ்சி போச்சில்ல சார்?”

“முடிஞ்சு நூத்துப் பதிமூணு வருஷமாச்சு.”

“அப்பறம் இன்னாத்துக்கு இன்னும் வாங்கறாங்கோ?”

“சண்டைக்குன்னு ஆள் எடுப்பாங்க, ஆபீஸ் வைப்பாங்க. சண்டை முடியும், ஆபீஸ் முடியாது. அடுத்தது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அணை. எல்லாம் வேணுந்தானே? 62ல சீனாக்காரன் வந்தான். ஒரு மாசச் சண்டை. அதுக்கு ஏத்தின வரியில எவ்வளவு இறங்குச்சுன்னு நினைக்கறே? செலவு ஏறினா ஏறினதுதான். அதுல ஒரு பங்குதான் இந்தத் தொழிற்சாலை. அதுலதான் உனக்கும் எனக்கும் சம்பளம்.”

செங்கல்வராயன் இதை யோசித்தான். வரிப் பணத்தில் சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்திலிருந்து வரி கட்டுவதில் ஏதோ சுற்று வேலை இருப்பதாகப் பட்டது. ஆனால் பிரசிடெண்டு வேறு வழி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து கிடைத்த ஓவர்டைம் எல்லாம் பார்த்தான். பக்கத்து பெஞ்சில் வேலை செய்த தங்கவேல் நேர்மாறான ஆள். வருமானம் ஐந்தாயிரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஓவர்டைமை நிறுத்திக்கொண்டான். ஐந்தாயிரத்துக்கு மேலே போகிற பணத்துக்கு மட்டும்தான் வரி என்று இராமகிருஷ்ணன் அவனுக்கு மூன்று தடவை விளக்கியிருந்தார். தங்கவேல் நம்பவில்லை.

“மாமே, என் டர்ன நீயே எடுத்துக்கோ. எதுக்கு ஒழச்சி டில்லிக்காரனுக்குக் குடுக்கணும்?”

“குடுத்தாத்தான் கேக்க முடியும்.”

“இன்னாத்த கேப்ப?”

“பைப்பு.”

தங்கவேல் தன் முறையை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த விஷயத்தைத் தொழிற்சாலை முழுக்கச் சொன்னான். வெல்டிங் ஷாப்பில் செங்கல்வராயனுக்கு ‘டாக்ஸு’ என்று பெயர் வந்தது.

வேம்புலியம்மாளுக்கு இது சிரிப்பாக இல்லை. அவன் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டுக் கண் சிவந்து வந்து படுத்தான். தண்ணீர் நடை மூன்றும் அவள் தலையில் அப்படியே இருந்தது.

“ஊர்ல ஆம்பளைங்க ஊடு கட்ட ஓவர்டைம் பாப்பான், நகை வாங்கப் பாப்பான். வரி கட்டப் பாக்கற ஆள இங்கதான் பாக்கறேன். அந்த நேரத்துல நீ ரெண்டு கொடம் தூக்கிகினு வந்தா எனக்கு இடுப்பாச்சும் மிஞ்சும்.”

அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிள் கேரியரில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனான். வழியில் ஒன்று விழுந்து நசுங்கியது. அதற்குப் பிறகு அவள் அவனைப் போக விடவில்லை.

டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. ஆவடியில் விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். சண்டை இரண்டே வாரத்தில் முடிந்தபோது எல்லோரும் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்கள். செங்கல்வராயனுக்கு மட்டும் உள்ளூரக் கொஞ்சம் கவலை. வரி கட்டும் அளவை எட்ட இன்னும் இருநூறு ரூபாய் குறைந்தது. ஆனால் சண்டைதான் முடிந்ததே தவிர ஓவர்டைம் முடியவில்லை. பிப்ரவரி வரை ஓடியது.

பிப்ரவரிச் சம்பளம் போடுவதற்கு முன்னால் இராமகிருஷ்ணன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். “எல்.ஐ.சி. பாலிசி எதாவது வெச்சிருக்கியா? அதைக் காட்டினா இன்னும் கழிச்சு வரியே இல்லாம பண்ணிடலாம்.”

“கீது சார். காட்ட மாட்டேன்.”

இராமகிருஷ்ணன் பாலிசியைச் சேர்க்காமலே கணக்கை எழுதி முடித்தார். அந்த வருடத்துக்குச் செங்கல்வராயனிடமிருந்து பிடித்த வருமான வரி, சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி உட்பட, பதினேழு ரூபாய் அறுபது பைசா.

ஏப்ரலில் அதற்கான சான்றிதழ் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டது. காலனியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு முனியன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்து, “இது பட்டா மாதிரியா?” என்று கேட்டான். இல்லை என்றதும் அவனுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

செங்கல்வராயன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனான். பரந்தாமன் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கீழ்த்தாங்கலில் அதுவரை யாரும் வருமான வரி கட்டியதில்லை. கழனி வருமானத்துக்கு டில்லியில் வரி கிடையாது. அவருடைய மில் வருமானத்தைப் பற்றி டில்லி கேட்டதில்லை.

“நீ கட்னியா இத்த?”

“ஆமா பிரசிடெண்டு. வரி கட்றவன் கேட்டா பதில் சொல்றேன்னு சொன்னீங்க. கேக்கறேன்.”

பரந்தாமன் விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டார். “இது டில்லி வரிப்பா. பஞ்சாயத்துக்கு இதுல ஒரு பைசா வராது. டில்லிக்காரன்தான வாங்கினான்? டில்லிக்காரன்கிட்டயே போய்க் கேளு.”

“சரி” என்று சொல்லிவிட்டு செங்கல்வராயன் வந்துவிட்டான்.

அவன் அவ்வளவு சீக்கிரம் போனது பரந்தாமனுக்கு நிம்மதியாக இருந்தது. டில்லிக்கு எழுதுவான் என்று அவர் நினைக்கவில்லை.

கடிதத்தை இராமகிருஷ்ணன் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். டில்லி நிதித்துறைக்கு முகவரி. அடியில் கண்ட நபர் வருமான வரியாகப் பதினேழு ரூபாய் அறுபது பைசா கட்டியிருக்கிறார். அது எதற்குச் செலவானது என்று தெரிவிக்க வேண்டும். இன்னும் செலவாகாமல் இருந்தால், கீழ்த்தாங்கல் மாரியம்மன் கோயில் முனையிலிருந்து தாங்கல் காலனி வரை இருநூறு கெஜம் குழாய்க்கு அதை ஒதுக்க வேண்டும். கூடவே, நாற்பத்து மூன்று வீட்டுப் பெண்கள் தினம் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியை மட்டும் இராமகிருஷ்ணன் தானாகச் சேர்த்தார். தபாலில் போடும்போது வழக்கமான ஸ்டாம்போடு, சண்டையில் வந்த வங்காள அகதிகள் நிவாரணத்துக்கு ஐந்து பைசா ஸ்டாம்பும் ஒட்டச் சொன்னார்கள். சண்டை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஜூலையில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது என்று இரண்டு வரி. உண்மையில் கவனிக்கப்பட்டது. டில்லி அதை மாநிலத்துக்கு அனுப்பியது. மாநிலம் கலெக்டருக்கு அனுப்பியது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கும், அங்கிருந்து பஞ்சாயத்துத் தலைவர் பரந்தாமனுக்கும் வந்து சேர்ந்தது, பதினைந்து நாளில் அறிக்கை தரவும் என்ற குறிப்போடு. அதற்குள் அது இருபத்திரண்டு பக்கம் ஆகியிருந்தது. வழியில் யாரோ ஒருவர் ஒரு நகலை வருமான வரி அலுவலகத்துக்கும் அனுப்பியிருந்தார்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை பூந்தமல்லி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், தோல் பையோடு காலனிக்குள் வந்து செங்கல்வராயன் வீடு எது என்று கேட்டார். வருமான வரி இன்ஸ்பெக்டர் ராஜசேகரன். பத்து நிமிடத்தில், செங்கல்வராயனைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று காலனி முழுக்கச் செய்தி பரவியது. அவன் நைட் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். வேம்புலியம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள்.

“பதினேழு ரூவா பிடிச்சது போதாதா? இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

அவள் உள்ளே போனாள். குவார்ட்டர்ஸ் தண்ணீர் ஒரு குடம் இருந்தது. ஒரு கணம் யோசித்து, கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்து கொடுத்தாள். ராஜசேகரன் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்காக இன்னொரு வாயும் குடித்தார்.

“இதைத்தான் குடிக்கறீங்களா?”

“நாங்க இத்தக் குடிக்கறதில்ல. இத்தக் குடிக்க முடியாதுன்னுதான் அரை மணி நேரம் நடக்கறோம்.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு செங்கல்வராயனிடம், “இந்தப் பக்கத்துல எங்க ஆபீஸ்ல பேர் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். ஒரு வெல்டர் கட்டற ஊர்ல வேற யாருக்குமே வருமானம் இல்லையான்னு எங்க ஆபீசருக்குச் சந்தேகம். அந்த ரைஸ் மில் யாருது?” என்று கேட்டார்.

எத்தனை மூட்டை அரைக்கிறார்கள், யார் யாருடைய நெல் வருகிறது என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும். மூட்டை தூக்குவது அவர்கள்தான். குழாய் தராத ஆளைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் அதைச் சொல்வது செங்கல்வராயனுக்கு என்னவோ அசிங்கமாக இருந்தது. கேட்டது யாருடைய மில் என்று மட்டும்தான்.

“போர்டுல பேரு எழுதிக்கீது சார். படிச்சிக்கோங்க.”

இன்ஸ்பெக்டர் போய்ப் படித்துக்கொண்டார். சாயங்காலம் வரை மில்லில் இருந்தார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பரந்தாமன் காலனிக்கு வந்தார். ஓட்டு கேட்க வந்தபோதுகூட அவர் தெருமுனையைத் தாண்டியதில்லை. இப்போது செங்கல்வராயன் வீட்டு வாசல் வரை வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“மாட்டி உட்டுட்டியேடா.”

“நான் ஒண்ணும் சொல்லல பிரசிடெண்டு. டில்லிக்காரன்கிட்டயே கேளுன்னு நீங்கதான் சொன்னீங்க. கேட்டேன்.”

அப்படிச் சொன்னது பரந்தாமன்தான். வேம்புலியம்மாள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தார்.

“மூணு வருஷத்துக்குச் சேத்துக் கட்டணும்ன்றான்பா. எவ்ளோ வரும், எப்படிக் கழிக்கறது, ஒண்ணும் புரியல. எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமேன்னு வந்தேன்.”

“பேக்டரில இராமகிருஷ்ணன்னு ஒரு சார் கீறாரு. இட்டுகினு போறேன். எல்.ஐ.சி. பாலிசி கீதா உங்களுக்கு?”

“கீது.”

“அத்த எடுத்துகினு வாங்க. நீங்க காட்டுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆவடியில் இராமகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்கள். பரந்தாமனுடைய வரி, அபராதம் இல்லாமல், இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. கட்டிய அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கழித்து எழுந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

இரண்டாயிரம் ரூபாய் எங்கே போயிற்று என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்றியக் கூட்டத்தில் பத்து வருடமாகத் தூங்கி வழிந்தவர், எழுந்து நின்று, “வரி கட்றவன் கேக்கறேன்” என்று ஆரம்பித்தார். அந்த வருடம் கிராமக் குடிநீருக்கு என்று டில்லியிலிருந்து மாநிலங்களுக்குப் புதிதாகப் பணம் வந்திருந்தது. அதில் எந்தெந்த ஊருக்கு எவ்வளவு என்ற பட்டியலில் கீழ்த்தாங்கல் இல்லை. பரந்தாமன் மூன்று தடவை கலெக்டர் அலுவலகம் இருந்த காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார். இருபத்திரண்டு பக்கக் காகிதத்தையும் கையில் எடுத்துப் போனார். அதில் டில்லி முத்திரை இருந்ததால், அதைத் தூக்கி ஓரமாக வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் அவர் கேட்டது, தாங்கல் காலனிக்கு இருநூறு கெஜம் குழாய், இரண்டு தெருக்குழாய். ஊருக்கு ஏற்கெனவே குழாய் இருந்ததால் புதுப் பணத்தில் வேறு எதையும் கேட்க வழியில்லை. தன்னுடைய இரண்டாயிரத்தை டில்லியிடமிருந்து திரும்ப வாங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

1973 ஜூனில் பள்ளம் தோண்டினார்கள். குழாய் இணைப்பில் ஓரிடத்தில் கசிந்தபோது செங்கல்வராயன் அரைநாள் லீவு போட்டுப் பக்கத்தில் நின்று, வேலையாட்களை அதைப் பிரித்து மறுபடி பூட்டச் சொன்னான். தண்ணீர் வந்தது. ஒரு மாதம் கழித்து, தண்ணீர் வரி போடுவதற்காகப் பஞ்சாயத்துக் குமாஸ்தா தார் டப்பாவோடு வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எண் எழுதினார். வருடத்துக்கு இரண்டு ரூபாய் என்றதும் சண்டை வரும் என்று எதிர்பார்த்து அவர் ஒரு தலையாரியைக் கூட்டிவந்திருந்தார். ஆனால் அன்றே நாற்பத்தோரு வீட்டுக்காரர்கள் பணத்தோடு வரிசையில் நின்றார்கள். முனியன்தான் முதல் ஆள். வரி கட்டினால், பெயரும் கதவு எண்ணும் போட்டு அரசாங்க ரசீது கிடைக்கும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். ரசீதை வாங்கி மடித்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கூரை மூங்கிலில் செருகி வைத்தான். குமாஸ்தா ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோய் மறுநாள் வர வேண்டியிருந்தது.

தண்ணீர் வந்த மூன்றாம் நாள் செங்கல்வராயன் பகல் ஷிப்டு முடிந்து நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே ஐந்து குடமும் நிறைந்து, வாய்வரை தண்ணீர் அசையாமல் நின்றது. வேம்புலியம்மாள் தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி அவன் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தான். குனிந்து பார்த்தபோது மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அவன் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல், சத்தம் வராதபடி சுவரில் சாய்த்தான். பிறகு வெளியே நின்றுகொண்டு, அந்தப் பக்கம் கூச்சல் போட்டபடி போனவர்களிடம் மெதுவாகப் பேசும்படி சொல்லிக்கொண்டிருந்தான்.